கல்யாணம் யார் கையில்

கொங்கு வேளாளர் வீட்டுக் கல்யாணத்தை மரபுப்படி நடத்தி வைப்பவர் ஐயர் அல்ல, அருமைக்காரர். அவர் பூசாரி இல்லை. அதே சமூகத்தில், மனைவி மக்களோடு வாழ்ந்து, சீர்முறைகளைப் பழகிய ஒரு குடும்பஸ்தர். அவருக்கு இணையாகப் பெண்கள் பக்கம் அருமைக்காரி. மங்கல வாழ்த்துப் பாடுவது நாவிதர். கம்பர் இயற்றியது என்று கொங்கில் வழிவழியாகச் சொல்லப்படுகிற அந்த வாழ்த்து முடியாமல் பெரிய சீர் எதுவும் நிறைவடையாது. இணைச்சீர் என்ற சடங்கில் மாப்பிள்ளையையும் உடன்பிறந்தவளையும் ஒரு கூறைச்சேலை இணைக்கும். கல்யாணம் தம்பிக்கு. ஆனால் அக்காளும் கல்யாணப் பெண்ணைப்போலச் சிங்காரித்துக்கொண்டு மணவறைக்கு வருகிறாள். அவள் வீட்டுக்கும் இவன் வீட்டுக்கும் அடுத்த தலைமுறையில் பெண் கொடுத்து எடுக்க உள்ள உரிமை அங்கே ஊர் அறியச் சொல்லப்படுகிறது. இன்றைய மண்டபங்களில் ஐயரும் வந்துவிட்டார், கேமராக்காரர் சொல்கிற இடத்தில் சீர் நிற்கிறது, நகர்கிறது. ஆனாலும் இணைச்சீர் இல்லாத கல்யாணத்தை இங்கே பெரியவர்கள் கல்யாணமாக ஒப்புவதில்லை.

தன்பால் மணத்தைச் சட்டம் ஏற்கலாமா என்ற விவாதத்தைக் கோவையில் இருந்து பார்க்கிறவர்கள் இந்த மணவறையில் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். 'மதம் ஒப்பாது, பண்பாடு ஒப்பாது' என்று சொல்லப்படும்போது அந்த மதமும் பண்பாடும் நடைமுறையில் எதைக் காக்கின்றன என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. கூட்டம் என்கிற குலப்பிரிவைப் பார்க்கிறோம். ஒரே கூட்டத்தில் பெண் எடுப்பதில்லை, அவர்கள் பங்காளிகள். காடு தோட்டம் யாருக்குப் போகும் என்று பார்க்கிறோம். அருமைக்காரர் பட்டத்துக்குப் பிள்ளை பெற்றிருக்க வேண்டும் என்கிறோம். சேர்வது இரண்டு வீடுகள், தொடர வேண்டியது ஒரு வம்சம், இரண்டு பேரின் மனம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசைக்குள் ஒரு பெண்ணும் இன்னொரு பெண்ணும் 'நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம்' என்று வந்து நிற்கும்போது, சாமி கோபித்துக்கொள்ளும் என்பதைவிடப் பெரிய அச்சம் வீட்டுக்குள் எழுகிறது. பிள்ளையின் வாழ்க்கையை முடிவு செய்யும் அதிகாரம் பெற்றோர் கையை விட்டுப் போகிறது என்ற அச்சம் அது.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1860இல் வெள்ளையர் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு தன்பால் உறவைக் குற்றமாக்கியது. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தளர்த்தியது, 2013இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் இறுக்கியது, 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சம்மதமுள்ள வயதுவந்தோருக்கு அந்தக் குற்றத்தை நீக்கியது. குற்றம் இல்லை என்றானபின், குடும்பமா என்ற கேள்வி வந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த சுப்ரியோ சக்கரவர்த்தி, அபய் டாங் இணையர் உட்படப் பலர் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிவு கேட்டார்கள். 2023 ஏப்ரல் 18 முதல் மே 11 வரை வாதங்கள் நடந்தன. நகரத்து மேட்டுக்குடிக் கருத்து இது என்றது ஒன்றிய அரசு. இசுலாமிய அமைப்பான ஜமியத் உலமா-இ-ஹிந்த் எதிர்த்தது. இந்திய பார் கவுன்சில் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. பதில் அனுப்பிய ஏழு மாநிலங்களில் ராஜஸ்தான், ஆந்திரம், அசாம் மூன்றும் எதிர்த்தன. அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை. ஈரோட்டில் பிறந்த ஓர் இயக்கத்தின் வழிவந்த கட்சிகள் மாறி மாறி ஆண்டுவந்த மாநிலம் இதில் வாய் திறக்காமல் இருந்தது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். திருநங்கையோ திருநம்பியோ எதிர்பாலினத்தவரை இப்போதுள்ள சட்டப்படியே மணக்கலாம் என்பதிலும் ஒன்றுபட்டார்கள். தன்பால் இணையரின் சேர்க்கைக்கு அரசு அங்கீகாரம் தர வேண்டுமா என்பதில்தான் பிளவு. வேண்டும் என்றவர்கள் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட்டும் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும். அதை நாடாளுமன்றம்தான் செய்ய முடியும் என்று ரவீந்திர பட், ஹிமா கோலி, பி.எஸ். நரசிம்மா மூவரும் சொன்னார்கள். மூவர் கருத்தே தீர்ப்பானது. 2025 ஜனவரியில் சீராய்வு மனுக்களும் தள்ளுபடியாயின.

அந்தச் சிறுபான்மைத் தீர்ப்பை எழுதியவர்களில் ஒருவரான கவுலின் பெயர் கொங்குக்குப் புதிதல்ல. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும் கிளர்ச்சி நடந்து, எழுத்தாளர் பேனாவைக் கீழே வைக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் அவர் எழுத்துக்குத் திரும்ப வழி செய்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தந்த அமர்வில் தலைமை நீதிபதியாக இருந்தவர் கவுல். அந்த நாவல் தன்பால் உறவு பற்றியதல்ல. பிள்ளை இல்லாத காளியையும் பொன்னாவையும் ஊர் என்ன பாடு படுத்துகிறது என்பதைப் பற்றியது. பிள்ளை பெறாதவளுக்குச் சீரில் இடமில்லை, விதை தூவக்கூட அவள் கை ஆகாது என்று ஒதுக்கும் ஊரை அது காட்டியது. ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து, ஊர் கூடி, முறைப்படி கல்யாணம் செய்தவர்களையே வாரிசு இல்லை என்பதற்காக அரைக் குடும்பமாகப் பார்க்கிற மனம், இரண்டு ஆண்களின் வீட்டை எப்படிப் பார்க்கும்? தன்பால் மணத்துக்கு எதிராகச் சொல்லப்படும் 'இயற்கை' வாதத்தின் வேர் இந்த வாரிசுக் கவலையில்தான் இருக்கிறது.

ஆதரவாளர்கள் சிலர் திருச்செங்கோட்டு மலைமேல் நிற்கும் அர்த்தநாரீசுவரரையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். பாதி ஆண், பாதி பெண் என்று வணங்குகிற ஊர் இதை எப்படி மறுக்கலாம் என்று கேட்கிறார்கள். திருநங்கைகள் கணவனாகக் கொண்டாடும் அரவானுக்குச் சிங்காநல்லூரிலும் குறிச்சியிலும் நடக்கிற திருவிழாவைக் காட்டுகிறார்கள். எனக்கு இந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. மாதொருபாகன் என்றும் அழைக்கப்படும் அந்த உருவம் சிவமும் சக்தியும் பிரியாத நிலை. மலையேறி அவரைக் கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் தாம்பத்தியம் நிலைக்க வேண்டியே கும்பிடுகிறார்கள். அவர்கள் பக்தியைப் பிடுங்கி நம் வழக்குக்கு ஆதாரமாக்குவது நேர்மையாகாது. அதனால் பயனும் இல்லை. சாமியை உருவமாக ஏற்ற ஊர் மனிதரை ஏற்றதில்லை என்பதைக் கோவைத் திருநங்கைகளிடம் கேட்டால் சொல்வார்கள். மரபில் பலவகை உறவுகளுக்கும் சுவடு உண்டு என்று காட்டுவது, 'இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த நோய்' என்பவருக்குப் பதிலாக மட்டும் போதும். உரிமைக்கு அது அடிப்படையாக முடியாது. முன்னோர் செய்யாத எத்தனையோ நல்லதை நாம் செய்திருக்கிறோம்.

எதிர்ப்பவர்களின் வாதங்களில் மதிக்க வேண்டியவை உண்டு. கத்தோலிக்கருக்குத் திருமணம் ஓர் அருளடையாளம். 2023 டிசம்பரில் வத்திக்கான் தன்பால் இணையருக்கு எளிய ஆசி வழங்கக் குருக்களை அனுமதித்தபோதும், அது திருமணமாகாது என்பதில் உறுதியாக நின்றது. இசுலாத்தில் நிக்காஹ் ஓர் ஒப்பந்தம், ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஒப்பந்தம். இந்து மரபில் கல்யாணம் ஒரு சம்ஸ்காரம், இல்லறக் கடன்களுக்கான வாசல். இவற்றை நம்புகிறவர்களை யாரும் மாற்ற வேண்டியதில்லை. கோட்டைமேட்டுப் பள்ளிவாசலோ உப்பிலிபாளையத்துத் தேவாலயமோ ஈச்சனாரி பிள்ளையார் கோவிலோ தன் விதிக்கு மாறாக ஒரு கல்யாணத்தை நடத்தி வைக்க வேண்டும் என்று அந்த வழக்கில் யாரும் கேட்கவில்லை. கேட்டது சார்பதிவாளர் அலுவலகத்துப் பதிவேட்டில் ஒரு வரி. அரசின் பதிவேடு எந்த மதத்தின் மணவறையும் அல்ல.

நீதிமன்றமா நாடாளுமன்றமா என்ற வாதமும் எளிதில் தள்ளத்தக்கதல்ல. தைவானில் 2017இல் அரசியல் சாசன நீதிமன்றம் வழிகாட்டியது, 2018இல் மக்கள் வாக்கெடுப்பு எதிராகப் போனது, ஆனாலும் 2019 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அயர்லாந்து 2015இல் மக்களிடமே கேட்டு 62 சதவீத ஆதரவோடு முடிவெடுத்தது. நேபாளத்தில் 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட, அந்த ஆண்டு நவம்பரில் லம்ஜுங் மாவட்டத்தில் முதல் பதிவு நடந்தது. தாய்லாந்துச் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வழி ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு. நாடாளுமன்றம்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்கிறவர் நாடாளுமன்றத்திடம் கேட்கவும் வேண்டும். கேட்காமல் இருப்பதற்கு இந்த வாதம் போர்வையாகிவிடக் கூடாது.

மேட்டுக்குடிப் பிரச்சினை என்ற சொல்லுக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் டைலராக இருக்கும் ஒரு பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. அட்டை உண்டு. குடும்பம் என்ற இடத்தில் கணவர், பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் பெயர்களைச் சேர்க்கலாம். லைன் வீட்டில் பல வருடம் கூடவே வாழ்ந்து, வாடகையும் அரிசியும் பங்கிட்டு, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் பெயரைச் சேர்க்க முடியாது. அவிநாசி சாலையில் வரிசையாக நிற்கும் பெரிய மருத்துவமனைகளில் எதில் அறுவை சிகிச்சைக்குச் சேர்த்தாலும் சம்மதப் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று கேட்கிறார்கள். 'தோழி' என்று எழுதினால், 'சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க' என்பார்கள். அந்தச் சொந்தக்காரர் அவளை வீட்டை விட்டு விரட்டியவராக இருக்கலாம். உயில் இல்லாமல் செத்துப்போனால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சொத்து பிறந்த வீட்டுக்குப் போகும், கூட வாழ்ந்தவருக்குச் சல்லிக்காசு இல்லை. பணக்காரர்கள் வக்கீல் வைத்து உயில், கூட்டு உரிமைப் பத்திரம் என்று வழி தேடிக்கொள்வார்கள். டைலருக்குச் சட்டம்தான் வக்கீல்.

2024 ஏப்ரலில் ஒன்றிய அரசு அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதன் வழியே சில நன்மைகள் நடந்தன. கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்று நிதித்துறை தெளிவுபடுத்தியது. ஒரே வீட்டு இணையரை ஒரே குடும்ப அட்டையில் சேர்க்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. நெருங்கிய உறவினர் இல்லாதபோது உடலைத் துணைவர் பெற்றுக்கொள்ளலாம் என்று சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. கடைசிச் சலுகையை இந்த ஊரில் வைத்து யோசித்துப் பாருங்கள். இங்கே கொள்ளி வைப்பது மகன், இல்லாவிட்டால் பங்காளி. உறவினர் இல்லாதபோது மட்டும் என்றால், தூரத்துச் சித்தப்பா ஒருவர் வந்து நின்றாலே கூட வாழ்ந்தவர் மயானத்து வாசலுக்கு வெளியே போக வேண்டியதுதான்.

கொங்கு மண்ணில் தன்பால் இணையர் எதிர்கொள்ளும் முதல் ஆபத்து பிறந்த வீடு என்பதையும் மறைக்க முடியாது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மறுத்து அவரை மணந்த கௌசல்யா காயத்தோடு பிழைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு கோகுல்ராஜ், வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த பிறகு திருச்செங்கோட்டிலிருந்து காணாமல் போய் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். இவர்கள் ஆணும் பெண்ணுமாகப் பழகியவர்கள். மதம் ஒன்று, மொழி ஒன்று, ஊர்கூட அருகருகே. 'இயற்கைக்கு மாறானது' என்று சொல்ல இடமே இல்லாத உறவுகள். ஆனாலும் பண்பாட்டின் பேரால்தான் கத்தி தூக்கப்பட்டது. ஆகவே இந்த விவாதத்தில் பண்பாடு என்ற பெயரைக் கேட்டதும் தலைவணங்க எனக்கு மனம் வருவதில்லை. இணை தேடும் உரிமை பிள்ளைக்கா பெற்றோருக்கா என்பது இங்கே இன்னும் தீராத வழக்கு. சாதி மறுத்தவர்களும் தன்பால் இணையரும் அதே வழக்கின் மனுதாரர்கள். உச்ச நீதிமன்றத்தில் ரிதுபர்ணா போரா உள்ளிட்டோர் தாக்கல் செய்த மனு கல்யாண உரிமையோடு பிறந்த வீட்டு வன்முறையையும் சேர்த்துப் பேசியது. கொங்கு நிலவரத்துக்கு எனக்கு மிக அருகில் இருப்பதாகப் படுவது அந்த மனுதான்.

பண்பாடு மாறவே மாறாது என்று சொல்பவர்களுக்கு அவர்கள் கண்முன் நடந்த ஒன்றை நினைவூட்டலாம். பெண் சிசுவைக் கருவிலும் பிறந்தபின்னும் அழித்த பாவம் மேற்குத் தமிழ்நாட்டின் பல பகுதிகளைத் தொட்டது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டதே அதற்குச் சான்று. அந்த அழிப்பின் பலனாகவும், படித்த பெண்கள் தோட்டத்து மாப்பிள்ளையை வேண்டாம் என்றதாலும், நாற்பது தொட்ட கவுண்டர் மாப்பிள்ளைகள் பெண் கிடைக்காமல் நின்றார்கள். அப்போது தரகர்கள் பாலக்காட்டுப் பக்கம் போனார்கள். வேறு மொழி, வேறு சாதி, வேறு வழக்கம் கொண்ட மணமகள்கள் கொங்குக் கிராமங்களுக்கு வந்தார்கள். சீர் செய்தார்கள், குலதெய்வக் கோவிலில் பொங்கல் வைத்தார்கள், ஊர் ஏற்றுக்கொண்டது. அது நல்லதே, அந்தப் பெண்கள் நன்றாக இருக்கட்டும். ஆண் வாரிசுக்குத் தேவை என்றதும் சாதியை வளைக்கத் தெரிந்த ஊர், மகள் விரும்பினாள் என்பதற்காக வளைய மறுக்கிறது. மாற்றம் வரும்போது அது யாருக்காக வருகிறது என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது.

இந்தப் பிடிவாதத்தின் விலையை அதிகம் கொடுப்பவள், விவாதத்தில் யாரும் பெயர் சொல்லாத ஒருத்தி. பையன் கல்யாணம் வேண்டாம் என்கிறான், காரணம் சொல்ல முடியவில்லை. அம்மா சோறு தண்ணி இல்லாமல் படுத்துக்கொள்கிறாள். 'ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாயிருமுங்க' என்கிறார் மாமா. வெளியூரிலிருந்து ஒரு பெண்ணைப் பவுன் போட்டுக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். தொட விரும்பாத கணவனோடு அவள் வருடக்கணக்கில் வாழ்கிறாள். தன்னிடம்தான் ஏதோ குறை என்று நம்புகிறாள். பிள்ளை இல்லை என்ற பழியும் அவள் தலையில்தான். குடும்பநல நீதிமன்றத்துக்கு வந்தாலும் காரணத்தை வெளியே சொல்லக் கூசுகிறாள். பண்பாட்டைக் காக்கிறோம் என்பவர்கள் இந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் வாழ்க்கையைக் கொடுத்துத்தான் ஊர் தன் மானத்தை வாங்கியிருக்கிறது.

'நாங்க என்ன வேண்டாம்னா சொல்றோமுங்க? எங்கியோ போயி நல்லா இருக்கட்டும். கல்யாணம்னு மட்டும் சொல்லாதீங்க' என்று மென்மையாகப் பேசுகிறவர்கள் கோவையில் நிறைய. அவர்களிடம் வெறுப்பு இல்லை. அவர்களுக்குத்தான் சுயமரியாதைத் திருமணத்தின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். 1925இல் ஈரோட்டில் 'குடி அரசு' இதழைத் தொடங்கிய பெரியார், 1928 முதல் புரோகிதர் இல்லாத திருமணங்களை நடத்தி வைத்தார். மாலை மாற்றி, ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறோம் என்று சொன்னால் போதும். 'இது கல்யாணமா? தீவலம் இல்லை, மந்திரம் இல்லை, கூத்து' என்றார்கள். 1953இல் சென்னை உயர் நீதிமன்றமும் இப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்களா என்பதே சட்டத்தின் கண்ணில் ஐயமாக இருந்தது. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தார்கள். அதுவரை நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அந்தத் திருத்தம் சொன்னது. குடும்பங்கள் முதலில் உருவாகின, நாற்பது ஆண்டு கழித்துச் சட்டம் வந்து சேர்ந்தது. அதற்காக எந்தக் கோவிலிலும் மந்திரம் நிற்கவில்லை. புரோகிதர் வேண்டியவர் இன்றும் வைத்துக்கொள்கிறார்.

இதைப் பெருமையாகச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். 7அ பிரிவு 'கணவன், மனைவி' என்றே பேசுகிறது, தன்பால் இணையரை அது தானாகத் தழுவாது. சுயமரியாதைத் திருமணங்களிலும் பல சொந்தச் சாதிக்குள்ளேயே நடந்தன. புரோகிதரை விலக்கத் துணிந்தவர்கள் பலருக்குக் கூட்டத்தையும் சாதியையும் விலக்கும் துணிவு வரவில்லை.

தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் இதற்கிடையே கணிசமான தூரம் நடந்திருக்கின்றன. 2019 ஏப்ரலில் தூத்துக்குடி இணையர் வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், 'மணமகள்' என்பதில் திருநங்கையும் அடக்கம் என்றார். மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரண்டு பெண்களின் வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டு, 2021 ஜூன் 7 அன்று ஆணை எழுதினார். பாலீர்ப்பை 'குணப்படுத்துகிறேன்' என்ற பெயரில் நடக்கும் சிகிச்சைக்குத் தடை விதித்தார். அதன் தொடர்ச்சியாக 2022இல் காவலர் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. பால்புதுமையரைத் துன்புறுத்துவது ஒழுங்கு மீறலானது. 2025 மே மாதம், பிறந்த வீட்டாரால் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை விடுவித்த அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று கூறியது. கல்யாணத்தைவிட வேலையும் படிப்பும் அவசரம், திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள் கேட்கும் கிடைமட்ட இட ஒதுக்கீடுதான் (ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்குத் தனி ஒதுக்கீடு) முதலில் வேண்டும் என்ற குரலும் உண்டு. அது நியாயமான குரல். ஆனால் ஒன்றைக் கொடுக்க இன்னொன்றை நிறுத்திவைக்கத் தேவையில்லை.

இவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2023 நவம்பரில் ஆனந்த் வெங்கடேஷ் தமிழக அரசின் பரிசீலனைக்கு வைத்த குடும்ப உறவு ஒப்பந்தப் பத்திரம். இரண்டு பேர் தங்களைக் குடும்பமாக அறிவித்துப் பதிவு செய்துகொள்ளலாம். அதைக் கல்யாணம் என்று அழைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 'கல்யாணம்னு மட்டும் சொல்லாதீங்க' என்பவர்களும் இதை எதிர்க்கக் காரணம் இருக்காது. முழு உரிமை இதுவல்ல என்பதை அறிவேன். பிரான்சு 1999இல் இப்படியொரு ஒப்பந்தத்தில் தொடங்கி 2013இல் திருமணத்துக்குப் போனது. திருமணமும் மணமுறிவும் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. அண்ணா செய்ததைப்போலச் சென்னையே சட்டம் எழுதிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கேட்கலாம்.

அந்தச் சட்டத்தை எழுதும்போது கொங்கு நாட்டை நினைத்து எழுத வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டப்படுகிறது. பெயர், முகவரி எல்லாம் தெரிய, யாரும் ஆட்சேபிக்கலாம். சாதி மறுத்து மணக்கிறவர்கள் அந்தப் பலகைக்குப் பயந்து ஊர் மாறிப் போகிறார்கள். புதிய பத்திரத்துக்கு அந்த அறிவிப்பு கூடாது. எந்த மாவட்டத்திலும் பதியலாம் என்றிருக்க வேண்டும். பதிந்த அன்றே காவல் நிலையத்தில் பாதுகாப்புக் கேட்கும் உரிமை அதிலேயே இருக்க வேண்டும். மருத்துவச் சம்மதம், மாநில அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியம், ஈமச்சடங்கு உரிமை மூன்றும் வரிக்கு வரி எழுதப்பட வேண்டும். இ.எஸ்.ஐ.யும் வாரிசுரிமையும் மாற டெல்லியின் கையும் வேண்டும், அதற்குக் காத்திருக்கும்போதே மாநிலம் தன் பங்கைச் செய்யலாம். 2025 அக்டோபரில், சாதி ஆணவக் கொலைகளைத் தடுக்கச் சட்டப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் தமிழக அரசு ஓர் ஆணையத்தை அறிவித்தது. உடுமலைப்பேட்டையிலும் திருச்செங்கோட்டிலும் நடந்ததைக் கணக்கில் எடுக்கும் எந்தப் பரிந்துரையும், தன் இணையோடு வாழ வீட்டை விட்டு வெளியேறும் இரண்டு பெண்களுக்கும் அதே பாதுகாப்பைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்.